அண்ணன் பேரில் இருந்த என் வழக்கு

1

பினாங்குத் துறைமுகத்தில் தொங்கானிலிருந்து அரிசி மூட்டை இறக்குவது என் வேலை. தொங்கான் என்றால் பெரிய கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்கு ஏற்றிப் போகிற தட்டைப் படகு. வருவது சயாம் அரிசி. பட்டப்பகலில், சுங்க அதிகாரி பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, அது என் முதுகில் ஏறிக் கிடங்குக்குப் போகிறது. யாரும் என்னைப் பிடிப்பதில்லை. இருந்தாலும் காலையில் முதல் மூட்டை முதுகில் விழும்போது ஒரு தடவை இடது பக்கம் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். எளாவூர் ஸ்டேஷனில் போலீஸ் நின்றது அந்தப் பக்கம்தான்.

இந்த ஐப்பசியோடு நான் இங்கே வந்து பத்து வருஷம். நான் குடிமகன் இல்லை. இங்கேயே பிறந்த பாக்கியம் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டதால் தங்க அனுமதி கிடைத்தது. அதற்கு ஒரு பாஸ் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை குடிநுழைவு இலாகாவுக்குப் போய் அதைப் புதுப்பிக்க வேண்டும். முதல் வருஷம் விண்ணப்பப் பாரம் ஒரே ஒரு தாள், ஆங்கிலத்தில். பிறகு இரண்டு தாள் ஆனது. பிறகு மலாய் மொழிக்கு மாறியது. ஒவ்வொரு வருஷமும் ஒரு கேள்வி கூடும். நான் ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவன். ஆங்கிலப் பாரத்தையும் படித்ததில்லை, மலாய்ப் பாரத்தையும் படித்ததில்லை. யாராவது நிரப்பித் தருவார்கள், நான் கையெழுத்துப் போடுவேன்.

போன வருஷம் ஒன்றுக்கு இரண்டாகப் பாரம் வாங்கி வந்தேன். ஒன்று எனக்கு. இன்னொன்று என் அண்ணன் ஆறுமுகத்துக்கு. அவரை இங்கே வரவழைக்க நான் பொறுப்பு ஏற்றுக் கொடுக்க வேண்டிய பாரம் அது.

அண்ணன் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீசில் வேலை பார்க்கிறார். வாசலில் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று எழுதுவது. அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அம்மா செத்தபோது என்னால் போக முடியவில்லை, அதற்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்படிப்பட்டவர் ஒரு கடிதத்தின் அடியில் எழுதியிருந்தார்: ‘கப்பல் டிக்கெட் நானே எடுத்துக்கொள்கிறேன். அந்த ஊரை ஒரு தடவை பார்க்க வேண்டும்.’

அந்த ஊர் என்று அவர் எழுதியது பினாங்கை. அவர் வந்திருக்க வேண்டிய ஊர் இது.

2

எங்கள் ஊர் எளாவூருக்குக் கிழக்கே, ரயில் பாதைக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவே இருக்கிறது. வடக்கே கொஞ்சம் நடந்தால் ஆந்திரா. அறுபதுகளின் நடுவில் எங்கள் பக்கம் அரிசிக்குத் தட்டுப்பாடு. சூலூர்ப்பேட்டையில் தாராளமாகக் கிடைத்தது. ஆனால் ஒரு மாநிலத்து அரிசி அடுத்த மாநிலத்துக்குப் போகக் கூடாது என்று சட்டம். அதனால் ரயிலில் கடத்தினோம். பெண்கள் துணிப்பையில் கொட்டி வயிற்றில் கட்டிக்கொண்டு பிள்ளைத்தாய்ச்சி மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். ஆண்கள் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வேறு பெட்டியில் போய் நிற்போம்.

பிடிபட்டால் ஒரு வழக்கம் இருந்தது. முதல் கேஸ் என்றால் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடலாம். அதே பேரில் இரண்டாவது கேஸ் வந்தால் ஜெயில். அதனால் ஒரு தடவை பிடிபட்டவன் அடுத்த தடவை தன் பேரைச் சொல்ல மாட்டான். இதுவரை கேஸ் இல்லாத பேராகப் பார்த்துச் சொல்லுவான். மச்சான் பேர், மில்லில் வேலைக்குப் போய்விட்ட சிநேகிதன் பேர். அந்தப் பேருக்கு உரியவனிடம் பிறகு சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். “உன் பேர்ல ஒண்ணு வாங்கிக் குட்த்துட்டேன்டா. இனிமே நீ மாட்டிக்காத.” எழுதுகிறவர் நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பதில்லை. பேர், அப்பன் பேர், ஊர். அவ்வளவுதான். பேர் என்பது கூப்பிடுவதற்கு என்றுதான் எங்களுக்குத் தெரியும். ஒரு காகிதத்தில் போய் உட்கார்ந்தால் அது எழுந்திருக்காது என்று தெரியாது.

என் பேரில் ஒரு கேஸ் ஆகியிருந்தது. இரண்டாவது தடவை ஒரு மத்தியான பாசஞ்சரில், எளாவூரில் இறங்கும்போது பிடித்துக்கொண்டார்கள்.

“பேர் இன்னா?”

“ஆறுமுகம்.”

“அப்பன் பேரு?”

“முனுசாமி.”

ஒரே அப்பன், ஒரே ஊர் என்பதால் வாய் தடுமாறவில்லை. வாக்குமூலம் எழுதி முடித்துவிட்டு, “கையெழுத்தா, ரேகையா?” என்று கேட்டார்கள். எனக்குத் தமிழில் கையெழுத்துப் போடத் தெரியும். ஆனால் பேனாவை வைத்தால் பழக்கத்தில் கன்னியப்பன் என்று என் பேரே வந்துவிடும். அண்ணனோ எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். ஆங்கிலத்தில் ஒரே இழுப்பில் போடுவார். அதனால் சாமர்த்தியமாக “ரேகை” என்றேன். இடது கட்டை விரலை மையில் தோய்த்து வைத்தேன்.

அந்த விரலில் பிறை மாதிரி ஒரு வெட்டு இருக்கிறது. பதிமூன்று வயதில் கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்டது. அப்போது பக்கத்துப் பாத்தியில் இருந்த அண்ணன்தான் வேட்டி ஓரத்தைக் கிழித்துக் கட்டிவிட்டார். காகிதத்திலும் அந்தப் பிறை வெள்ளையாக விழுந்திருந்தது. அதை நான் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. கோர்ட்டில் ஆறுமுகமாகவே நின்று ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டிவிட்டு வந்தேன்.

வழக்கப்படி அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கவேண்டியதுதானே? சொல்லவில்லை. அவர் இந்த வேலையில் இல்லாதவர். ரயிலில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர். பிறகு சொல்லலாம் என்று விட்டேன்.

3

அடுத்த வருஷமே பினாங்கில் மளிகைக் கடை வைத்திருந்த தூரத்து உறவுக்காரர் ஒருவர் எழுதினார். கணக்குப் பார்க்கப் படித்த பையன் வேண்டும், ஆறுமுகத்துக்கு அனுமதி வாங்கி வைத்திருக்கிறேன், பாஸ்போர்ட் எடுத்து அனுப்புங்கள் என்று. நைனா, அதாவது அப்பா, கும்மிடிப்பூண்டி கடைத்தெருவில் ஒரு தகரப் பெட்டி வாங்கினார். பெயிண்டரிடம் கொடுத்து, வெள்ளைப் பெயிண்டில் ஆங்கில எழுத்தில் ‘எம். ஆறுமுகம், பினாங்கு’ என்று எழுதி வாங்கி வந்தார். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்ட அன்றைக்கே பெட்டி வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் பாஸ்போர்ட் என்பது கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. ஏன் இல்லை என்று சொல்லவேண்டிய கட்டாயம் யாருக்கும் கிடையாது. போலீஸ் விசாரித்து எழுதுவதுதான் முடிவு.

நான் அப்போது ஊரில் இல்லை. எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. விசாகப்பட்டினத்தில் கொஞ்ச நாள், பம்பாயில் கொஞ்ச நாள் என்று கூலி வேலை பார்த்துத் திரிந்தேன். திரும்பி வந்தபோது பெட்டி பரண்மேல் கிடந்தது.

“பாஸ்போட்டு வரல,” என்றாள் அம்மா. “இன்னா காரணம்னு எவனும் சொல்லல. நல்லா படிச்ச புள்ள, அதுக்குப் போயி இப்டி ஒரு பேஜாரு.”

அண்ணன் கயிற்றுக் கட்டிலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. “எப்ப வந்த?” என்றார். நான் சாப்பிட உட்கார்ந்தேன். காரணம் என்னவென்று அந்த வீட்டில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தேன்.

அதற்குப் பிறகு பாஸ்போர்ட்டுக்கு என்றே புதுச் சட்டம் வந்தது. காரணம் சொல்லாமல் மறுக்கக்கூடாது, பெரிய தண்டனையாக இருந்தால்தான் தடை என்றார்கள். ஆனால் இந்தப் பக்கம் கதவு திறந்த நேரத்தில் அந்தப் பக்கம் சாத்திக்கொண்டார்கள். மலேசியாவில் வெளிநாட்டுக்காரனுக்கு வேலை அனுமதி கெடுபிடியானது. அண்ணனுக்கு வாங்கியிருந்த அனுமதியும் காலாவதி ஆகிவிட்டது. அவர் மறுபடி எழுதிப் போடவில்லை. நான் போட்டேன். அபராதம் கட்டிய கேஸ் ஒன்று உன் மேல் இருக்கிறதே என்று விசாரிக்க வந்தவர் கேட்டார். பிறகு அவரே, “இப்ப அது ஒண்ணும் பண்ணாது” என்று எழுதிக்கொண்டு போனார். எனக்குப் பாஸ்போர்ட் வந்தது. சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். என் பயணமெல்லாம் அப்படித்தான்.

துறைமுகத்துக்கு அண்ணன் வந்தார். பெட்டியை அவரே தலையில் வைத்துத் தூக்கி வந்தார்.

“உங்கிட்ட பெட்டி இல்லல்ல? இத எடுத்துக்கினு போ.”

“பேரு இருக்குதேண்ணே.”

“இருந்தா இன்னா? பினாங்குன்னு கூடத்தான் இருக்குது.”

பினாங்கில் இறங்கியபோது சுங்க அதிகாரி பெட்டியில் இருந்த பேரைப் பார்த்தார். பாஸ்போர்ட்டைப் பார்த்தார். என்னைத் தனியாக நிறுத்தி, எல்லாத் துணியையும் தரையில் கொட்டச் சொல்லி, உதறி உதறிப் பார்த்தார். அண்ணன் பெட்டி என்று தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அது அவருக்குப் புரியவில்லை.

4

போன வருஷத்துப் பாரத்துக்கு வருகிறேன்.

பாக்கியம் முன்பே கல்யாணமாகிப் புருஷனை இழந்தவள். நான் அவளைக் கட்டிக்கொண்டபோது மல்லிகாவுக்கு ஐந்து வயது. என்னை அப்பா என்றுதான் கூப்பிடுவாள். மலாய்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். தமிழில் ஆரம்பித்து, பாதியில் மலாய்க்குப் போய், முடிவில் சிரித்துவிடுவாள். காலையில் நான் நாஷ்டா என்றால், “பசியாறன்னு சொல்லுங்கப்பா” என்று திருத்துவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள்தான் பாரத்தை நிரப்ப உட்கார்ந்தாள். இரண்டாவது பக்கத்தில் நின்றாள்.

“அப்பா, இதுல புதுசா ஒண்ணு கேக்குறாங்க. எந்த நாட்டுலயாச்சும், கோர்ட்டுல உங்கள…” வார்த்தை கிடைக்காமல் பேனாவின் பின்பக்கத்தைக் கடித்தாள். “நீங்க தப்பு செஞ்சீங்கன்னு ஜட்ஜ் சொல்லிட்டாரான்னு. இல்லன்னு போட்டுடவா?”

“இரு.”

“இல்லதானே?”

“இருக்குன்னு போடு.”

பாக்கியம் ஈரக் கையோடு பின்கட்டிலிருந்து வந்தாள். “அந்த அரிசி கேஸா? அதப் போயி எழுதுவாங்களா? இத்தன வருஷம் எவனும் கேக்கல.”

“இப்ப கேக்குறானே.”

“எத்தனன்னு ஒரு கட்டம் இருக்குப்பா,” என்றாள் மல்லிகா.

“ரெண்டு.”

“ஒண்ணுன்னுதானே என்கிட்ட சொன்னீங்க?” என்றாள் பாக்கியம்.

அப்போதுதான் அவர்களிடம் சொன்னேன். எனக்குச் சிக்கல் அண்ணனின் பாரத்தில் இருந்தது. வருகிறவர் பேரில் வழக்கு உண்டா என்று அதிலும் அதே கேள்வி. இல்லை என்று எழுதினால் அது உண்மை. ஆனால் ஊரில் விசாரித்தால் இருக்கிறது என்று பதில் வரும். அப்புறம் அவர் வரவே முடியாது. இருக்கிறது என்று எழுதினால் அதை வைத்தே அவரை நிறுத்திவிடுவார்கள். அந்த வழக்கு அவருடையது இல்லை, என்னுடையது என்று நான் எழுதிக் கொடுத்தால்தான் வழி. எழுதிக் கொடுத்தால் என் பாஸ் என்ன ஆகும் என்று தெரியாது.

பாக்கியம் ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். “அவரு ரெண்டு வாரம் ஊரு பாத்துட்டுப் போயிடுவாரு,” என்றாள். “உங்கள அனுப்பிட்டா நாங்க ரெண்டு பேரும் என்னா செய்யிறது?”

அவள் கேட்டது நியாயம்.

“பெரியப்பாவுக்குத் தெரியுமா?” என்றாள் மல்லிகா.

“தெரியாது.”

அவள் கட்டத்தில் இரண்டு என்று எழுதினாள். பாரத்தை மடித்துக் கொடுத்துவிட்டுச் சிநேகிதி வீட்டுக்குப் போனாள். அந்த மாதம் பள்ளிக்கூடத்து ரிப்போர்ட் அட்டையில் கையெழுத்து வாங்க என்னிடம் வரவில்லை. அம்மாவிடம் கொடுத்தாள்.

5

அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் உள்ள நடைபாதையில், தட்டெழுத்து மேசை போட்டு மனு எழுதுகிறவர் ஒருவர் இருக்கிறார். தஞ்சாவூர்க்காரர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒன்னு போட்டா போதும் தம்பி. உன் பேருல இருக்கறது அதுதான். ரெண்டாவத நீயா ஏன் கொண்டு போயி நீட்டற?”

“அது எங்க அண்ணன் பேர்ல இருக்குதுங்க.”

“இருந்துட்டுப் போவட்டுமே. அவருக்குப் பாஸ்போர்ட்டு இப்ப குடுத்துடுவாங்கல்ல?”

“பாஸ்போர்ட்டுக்கு இல்லீங்க.”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு தாளைச் செருகினார். அடித்து முடித்ததும், “கையெழுத்தா, ரேகையா?” என்று கேட்டார். மை டப்பாவும் மேசையில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். கன்னியப்பன். அதில் ஒரு நகல் விசாரணைக்காக ஊருக்கும் போனது.

குடிநுழைவு இலாகாவில் ஒரு மலாய் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். அவருக்கு என் வயதுதான் இருக்கும். மனுவை இரண்டு தடவை படித்தார்.

“பெராஸ்?” என்று கேட்டார். பெராஸ் என்றால் அரிசி.

“ஆமாம் துவான்,” என்றேன். ஐயா என்பதற்கு இங்கே அப்படித்தான்.

எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் நடந்ததைச் சொன்னேன். அவர் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொள்கிற மாதிரி கேட்டார்: உன் நாட்டு அரிசியை உன் நாட்டுக்குள்ளேயே கொண்டுபோனாய், அதற்கா வழக்கு? ஆமாம் என்றேன். இன்னும் அந்தச் சட்டம் இருக்கிறதா? இல்லை, எடுத்துவிட்டார்கள், இப்போது லாரியிலேயே வருகிறது என்று அண்ணன் எழுதினார் என்றேன்.

“சட்டத்தை எடுத்தார்கள். வழக்கை எடுக்கவில்லையே,” என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கும் அது கஷ்டமாக இருந்த மாதிரிதான் தெரிந்தது. பொய்ப் பேர் கொடுத்ததுதான் இங்கே பெரிய விஷயம் என்றும் சொன்னார்.

அண்ணனுக்கு ஒரு மாத அனுமதி கொடுத்தார்கள். என் கோப்பு மேலிடத்துக்குப் போனது. முடிவு வரும்வரை வருஷப் பாஸ் கிடையாது, மூன்று மாதத்துக்கு ஒரு முத்திரை. நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது. அதிகாரி இதை எனக்குப் புரியும்படி இரண்டு தடவை சொன்னார். கடற்கரையில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாதவன் என்று ஊரில் பேர் வாங்கியவன் நான்.

6

அண்ணன் வந்தார். முன்தலையில் முடி இல்லை. கப்பலில் வந்த களைப்பு. கப்பல்துறையில் என்னைப் பார்த்ததும், “இளைச்சிட்ட” என்றார். வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு, பாக்கியம் கொடுத்த தேநீரைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “எங்கடா, கையக் காட்டு,” என்றார்.

“எந்தக் கை?”

“லெப்டு.”

நீட்டினேன். கட்டை விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “அப்டியே இருக்குது.”

“இன்னாண்ணே?”

“பாஸ்போட்டுக்கு எழுதிப் போட்டேன் பாரு, அந்த வருஷம் ஸ்டேஷனுக்குக் கூப்புட்டாங்க. ஏட்டு ஒரு காயிதத்த எடுத்து மேசை மேல போட்டு, ‘இது உன் ரேகைதானா’ன்னு கேட்டாரு. பாத்தேன். நடுவுல பொற மாதிரி வெட்டு. நான்தானடா வேட்டியக் கிழிச்சிக் கட்டுனேன்.”

பாக்கியம் சமையல்கட்டு வாசலில் அப்படியே நின்றாள். மல்லிகா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

“நீ இன்னா சொன்ன?” என்று கேட்டேன்.

“ஆமான்னேன். ‘எஸ்.எஸ்.எல்.சி. படிச்சவன் ரேகையா வச்ச’ன்னு சிரிச்சாரு. ‘அன்னிக்கிக் கை நடுங்கிச்சி சார்’னேன். எழுதிக்கினாரு.”

“ஏண்ணே அப்டி?”

“இல்லன்னா, யார்துன்னு கேப்பாங்கல்ல? உனுக்கு அது ரெண்டாவது. உள்ள போட்டுருப்பாங்க. ஜெயிலுக்குப் போயி வந்தவன நைனா ஊட்டுல சேத்துருப்பாரா?” டம்ளரை மறுபடி எடுத்தார். அதில் ஒன்றுமில்லை. “கோவம் இல்லன்னு நெனைக்காத. இருந்திச்சி. ரெண்டு வருஷம் உன் மூஞ்சியப் பாத்து நான் பேசல. உனுக்கு அது தெரியக்கூட இல்ல. நீ எங்க ஊட்டுல தங்குன?”

“அப்ப பெட்டிய ஏன் குட்த்த?”

“பரண்ல கெடந்து அது என்னையே பாத்துக்கினு இருந்திச்சி. எடுத்துக்கினு போனா போதும்னு குட்த்தேன்.”

நான் பன்னிரண்டு வருஷம் மறைத்து வைத்திருந்ததை அவர் கிட்டத்தட்ட அத்தனை வருஷமும் தெரிந்து வைத்திருந்தார். நான் எழுதிக் கொடுத்த மனுவின் நகலைப் பையிலிருந்து எடுத்தார். ஊரில் விசாரிக்க வந்தவர் மூலம் அது அவர் கைக்குப் போயிருக்கிறது. நான்காக மடித்திருந்தது.

“இத எழுதுவன்னு நான் நெனைக்கல,” என்றார். “உனுக்கு இதனால எதுனா ஆயிடுமாடா?”

“மூணு மாசத்துக்கு ஒரு தடவ போகணும். அவ்ளோதான்.”

அவர் என்னை நம்பவில்லை. டைம் ஆபீசில் உட்கார்ந்து, தாமதத்துக்குச் சாக்குச் சொல்கிறவர்களைக் கேட்டுப் பழகியவர். ஆனால் மேலே கேட்கவில்லை.

இருந்த நாளில் அவருக்கு ஊரைச் சுற்றிக் காட்டினேன். உறவுக்காரரின் மளிகைக் கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு சீனர் சைக்கிள் விற்கிறார். அண்ணன் எதிர்ப்பக்கம் நின்று அந்தக் கடையைப் பார்த்தார். கல்லா எங்கே இருந்தது என்று கேட்டார். இடது பக்கம் என்றேன். பார்த்துக்கொண்டார்.

கிளம்புகிற நாள் காலையில், வாங்கிய சாமான் அவர் பைக்குள் அடங்கவில்லை. மல்லிகா யாரும் சொல்லாமல் கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தாள். ஈரத் துணியால் மூடியைத் துடைத்தாள். பெயிண்ட் அங்கங்கே உதிர்ந்திருந்தது. எழுத்துகளைப் படிக்க முடிந்தது.

“இது பெரியப்பாவோடதுதானே?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். பாரம் நிரப்பிய அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, அவளாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

“அவர்துதான்,” என்றேன்.

கப்பல்துறையில் பெட்டியை நான் தலையில் வைத்துத் தூக்கிப் போனேன். கம்பித் தடுப்பு வரைக்கும்தான் எனக்கு அனுமதி. அங்கே இறக்கி அவரிடம் கொடுத்தேன். வரிசை மெதுவாக நகர்ந்தது. சுங்க அதிகாரி குனிந்து பெட்டியில் எழுதியிருந்த பேரைப் பார்த்தார். பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பார்த்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார். மூன்றும் ஒன்றாக இருந்தன. திறக்கச் சொல்லாமல், மூடியின்மேல் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார்.